தெரியும் என்று சொன்னவர்கள்

அவர் யாரிடமும் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் முன்னால் வந்து சற்றுப் பக்கவாட்டில் நிற்பார். முகத்தை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டுவார். சிரிக்க மாட்டார், எதுவும் கேட்கவும் மாட்டார். ரயில்வே கவுண்டரில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு நிற்பவரைப் போல, முகத்தை நீட்டிவிட்டுக் காத்திருப்பார். எதிரில் இருப்பவர் ஒரு கணம் திகைப்பார். பிறகு நம் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்வார். "ஏட்டி, நீயா? எப்படி இருக்க?" என்பார்.

"ஆமா" என்பார் இவர்.

அந்த ஒரு சொல் போதும். அதன் பிறகு அவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

எங்கள் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் கீழே கணிதத் துறை, மேலே கணினித் துறை. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றதும் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பழைய மாணவர்களோடு உங்களுக்கு என்ன உறவு, சுற்றியிருக்கிற ஊர்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்களாம். அதுவரை எங்களுக்கு இருந்த உறவு, சான்றிதழைத் தொலைத்துவிட்டு நகல் கேட்டு வருகிறவர்களோடு மட்டும்தான். நான் அங்கேயே படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். அதனால் துறைத்தலைவர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார். தெரிந்தவர்களுக்கு நான் போன் போட, அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குப் போட, இரண்டு துறைகளுக்கும் சேர்த்து முதல் கூட்டம் கூடிவிட்டது.

அவரை யார் அழைத்தார்கள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவர்களை யாரும் சரிபார்ப்பதில்லையே.

ஒல்லியான உருவம். வெளுத்துப்போன பருத்திச் சேலை, ஆனால் தேய்த்து மடிப்புக் கலையாமல் கட்டியிருப்பார். காதோரம் நரை. வயதைச் சொல்ல முடியாது. நாற்பது என்றாலும் சரி என்பீர்கள், ஐம்பத்தைந்து என்றாலும் தலையாட்டுவீர்கள். அதனால் அவரைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவர் தன் வயதுக்காரராகவே தெரிந்தார்.

முதலில் அவரைக் கண்டுகொண்டது முப்பிடாதி அக்கா. ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குப் பல வருடம் முந்திய செட். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்த அக்கா முன்னால் இவர் வந்து நின்றார். அக்கா உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கடைசி பெஞ்சுக்காரி, வாயே திறக்க மாட்டாள், மத்தியானம் மரத்தடியில் என் புளிச்சோற்றில் பாதி இவளுக்குத்தான் என்று எங்களிடம் சொன்னாள். இவர் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா நிறுத்தினால், "பெறவு?" என்பார்.

மாலை தேநீர் நேரத்தில் அவர் வேறு சிலரிடம் அதே புளிச்சோற்றுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. டப்பாவின் மூடி ஒரு பக்கம் நெளிந்திருக்கும், அதைத் திறக்க முப்பிடாதி ஸ்கேலை விட்டு நெம்புவாள் என்றார். அக்கா அதைக் கேட்டு அசந்து போனாள். தனக்கே மறந்துபோனது இவளுக்கு நினைவிருக்கிறதே என்றாள். அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன.

அடுத்த கூட்டத்தில் காதர் அண்ணன் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். வளைகுடாவில் சில வருடம் இருந்துவிட்டு வந்து வண்ணார்பேட்டையில் கணினி நிறுவனம் வைத்திருக்கிறார். அக்காவுக்குப் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் படித்தவர். இவர் அவர் முன்னாலும் போய் நின்றார். காதர் அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்து, வேறொரு பெயரைச் சொன்னார்.

வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் நம் பக்கம் சகஜம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டும் அவருடையவை என்று என்னால் சொல்ல முடியாது.

கூட்டங்களிலிருந்து வேலைகள் பிறந்தன. சனிக்கிழமைகளில் பழைய மாணவர்கள் சிலர் ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்குப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவானது. பாபநாசத்தில் ஒரு மகளிர் குழுவுக்குக் கணினியில் கணக்கு எழுதப் பழக்குவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அவர் வந்தார். கூப்பிட வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் நான் போகும்போதே நின்றுகொண்டிருப்பார். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டார். நடைபாதை ஓரமாக உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற ஒவ்வொரு முகத்துக்கும் தன் முகத்தைக் காட்டிக்கொண்டே வருவார். முதலில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. போகப் போகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே என்னவோ போல் ஆயிற்று. ஊர்கள் வந்து போகும், வயல் வரும், வாய்க்கால் வரும், அவர் ஒன்றையும் பார்க்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை பள்ளியில் ஒரு சிறுமி எழுந்து, ஒன்றிலிருந்து ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஏன் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்று கேட்டாள். நான் கட்டம் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கரும்பலகைக்குப் போய்விட்டார். பேசாமல் எழுத ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்து முறை அல்ல அது. கல்லூரியில் நாங்கள் படித்த முறைப்படி, நிறுத்தி நிதானமாக, ஒரு வரியும் அடிக்காமல் நிரூபணம் இறங்கி வந்தது. அது முடிந்ததும் அவர் நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கினார். அது அந்தக் குழந்தை கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது, எங்கள் கடைசி வருடப் பாடம். பலகை நிறைந்து, சட்டம் வரைக்கும் வந்து, மரத்தில் சாக்பீஸ் கீச்சிட்ட பிறகுதான் கை நின்றது.

அவர் பின்னால் நகர்ந்து பலகையைப் பார்த்தார். யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனதைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"இது சரியா மேடம்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

சரிதான் என்றேன்.

"எனக்கு வாசிச்சா ஒண்ணும் வெளங்கல. கை பாட்டுக்கு எழுதுது."

சொல்லிவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழியில் முப்பிடாதி அக்கா எதையெதையோ பேசினாள். நான் காது கொடுக்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது காதர் அண்ணனின் நல்ல மனதால்தான். பள்ளிக்குக் கணினிகள் வாங்கித் தருவதாகவும், கல்லூரிக்கும் இந்த ஊர்களுக்கும் நடுவே நின்று வேலை பார்க்க ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைப்பதாகவும் அவர் சொன்னார். அதற்கு, கூப்பிடாமலே எல்லாவற்றுக்கும் வருகிற இவரை விட்டால் ஆள் இல்லை என்றார். துறைத்தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். எந்த வருடம் படித்தவர் என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். அதற்காகத்தான் முப்பிடாதி அக்கா, காதர் அண்ணன், அவர், நான் என்று நான்கு பேரும் என் அறையில் கூடினோம்.

காதர் அண்ணன் ஒரு வருடத்தைச் சொன்னார். முப்பிடாதி அக்கா சிரித்தாள். காதர் அண்ணன் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பார் என்று நான் நினைக்கிற ஒரு வருடத்தைச் சொன்னாள்.

"இல்லக்கா" என்றார் காதர் அண்ணன். "எங்க வாத்தியார் ஒரு கணக்கப் பாதியில விட்டுட்டுப் போனாவ. மறுநா வந்து பாத்தா போர்டுல முடிஞ்சு கெடக்கு. யாரு எழுதினான்னு கேட்டா கடைசி பெஞ்சுல இவங்க எந்திரிச்சி நிக்காங்க. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நான் சோறு பங்கு வச்சவ. எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

இரண்டு பேருமே பொய் சொல்லுகிறவர்கள் இல்லை. குரல் ஏறியது. ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் அதைவிடத் துல்லியமாக இன்னொன்றைச் சொன்னார். என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவமானப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியின் நுனிக்கு வந்து, இவர் பேசினால் இவரையும் அவர் பேசினால் அவரையும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு ஓய்ந்தபோது இரண்டு பேரையும் பார்த்து, "பெறவு?" என்றார்.

காதர் அண்ணன் எழுந்துகொண்டார். அக்கா தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்தாள். வருடம் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

அடுத்த வாரம் பாபநாசத்தில் மகளிர் குழு வேலை முடிந்ததும், அவரைத் தனியாகக் கோயில் முன்னால் படித்துறைக்கு அழைத்துப் போனேன். வெயில் இன்னும் தாழவில்லை. மலையில் மழை பெய்திருந்ததால் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. படியில் மீன்களுக்குப் பொரி போடுகிறவர்கள் கூட்டம். எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

இந்த ஊர் பேருந்து நிலையத்தில்தான் அவரைக் கண்டெடுத்தார்களாம். கடைசி நிறுத்தம் என்று எழுப்பிய நடத்துநரிடம் எங்கே இறங்க வேண்டும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்ததாம். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் பெயர் வரவில்லை, ஊர் வரவில்லை, அம்மா முகம்கூட வரவில்லை. போலீசில் சொல்லியும் தேடி யாரும் வரவில்லை. பாளையங்கோட்டையில் மிஷன் நடத்துகிற பெண்கள் இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே சமையலுக்கு உதவி செய்கிறார். பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு. கைக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் இங்கேதான் எங்கேயோ கணக்குப் படித்திருக்க வேண்டும், தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும் என்று கிளம்பியிருக்கிறார்.

"அப்ப முப்பிடாதி அக்காவும் காதர் அண்ணனும் சொன்னது?" என்றேன்.

"எல்லாரும் தெரியும்ங்காவ மேடம். போய் நின்னா ஒருத்தரும் தெரியாதுன்னு சொல்ல மாட்டேங்காவ. மொகம் வாடிருமோன்னு நெனைக்காவ போல. தெரியாதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா, சரி, இந்த எடம் இல்லன்னு விட்டுட்டு வேற எடம் தேடுவேன். இப்ப எதத் தேட? யாரு சொல்லுதது நெசம்?"

அவர் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க அங்கதான படிச்சீங்க. நீங்க சொல்லுங்க. என்னையத் தெரியுமா?"

படியில் என் பக்கம் திரும்பி முகத்தை உயர்த்தினார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில் எங்கள் கல்லூரி வராந்தா மனதில் வந்தது. நான் முதல் வருடம். மழை கொட்டுகிறது. தூண் பக்கத்தில் ஒரு பெண் நனைந்த குடையை மடக்கிக்கொண்டிருக்கிறாள். என் காலடி கேட்டுத் திரும்பி, முகத்தை உயர்த்துகிறாள். நான் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கடந்து போகிறேன்.

இது நடந்ததா? இல்லை, இவ்வளவு நாள் இவரோடு பழகிய என் மனம் இப்போது செய்து கொடுத்ததா? எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் காதர் அண்ணனுக்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று தோன்றியது. இன்னொரு நினைவை நானும் இவர் கையில் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"தெரியாது. உங்கள நான் பாத்ததே இல்ல" என்றேன்.

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தளர்ந்து லேசானது. பாரத்தை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார்.

"நீங்கதான் மேடம் மொத மொதல்ல சொன்னது. நல்லாருப்பீங்க."

அன்று பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டும் வரை வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்து, பிறகு தூங்கிப்போனார்.

அதோடு அவர் வரவில்லை. காதர் அண்ணன் கணினிகளை வாங்கிக் கொடுத்தார். அந்த வேலைக்கு வேறு ஒருவர் வந்தார். நாகர்கோவில் பக்கமோ தூத்துக்குடி பக்கமோ ஏதாவது கல்லூரியில் அவர் தேடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வராந்தா என்னை விடவில்லை. மழை பெய்கிற நாளில் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் தூண் பக்கம் கண் போயிற்று. குடையின் நிறம்கூட இப்போது தெரிந்தது, கறுப்பு. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் நேராக அந்த இல்லத்துக்குப் போனேன்.

எஸ்தர் அக்கா என்று ஒரு வயதான அம்மாள் அங்கே வார்டன். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். பாபநாசத்தில் கேட்டதை நான் சொல்லச் சொல்ல எஸ்தர் அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அவளுக்கு மறுபடியும் வந்துட்டும்மா. உங்ககூட வந்துட்டு இருந்தாள்ல, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு வலிப்பு. முழிச்சுப் பாத்தா ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நாங்க யாருன்னே தெரியல. சில வருசத்துக்கு ஒருதரம் இப்படி வந்து எல்லாத்தையும் தொடச்சிட்டுப் போயிரும். பாபநாசம் பஸ்ல கண்டெடுத்த கதைய ஒவ்வொரு தடவையும் நாங்கதான் சொல்லிக் கொடுக்கோம். எனக்கு முந்தி இருந்த வார்டன் எனக்குச் சொன்னது அது."

அவர் எங்கள் கல்லூரிக்குத் தேடி வந்ததைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன்.

"அதுவும் புதுசில்ல. எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சா அவ கால் காலேஜுப் பக்கம்தான் போகும். அந்தக் காலத்துல கேட்டுல யாரு தடுத்தா? கையில ஒரு நோட்டோட போனா காலேஜ் பொண்ணுதான். கடைசி பெஞ்சுல போய் உக்காந்துட்டு சாயங்காலம் வருவா. யாராச்சும் பேரு கேட்டா வாயில வந்த ஒண்ணச் சொல்லுவா. அவ அங்க படிச்சவளா, இல்ல, போய்ப் போய்ப் படிச்சுக்கிட்டவளா, ஆண்டவருக்குத்தான் தெரியும்."

முன்னாலும் போயிருக்கிறாய் என்று அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத மட்டும் சொல்லுறதில்லம்மா. சொன்னா போகாம இருந்துருவா. பெறகு எதுக்குக் காலையில எந்திரிப்பா?"

முப்பிடாதி அக்கா புளிச்சோறு கொடுத்தது உண்மை. காதர் அண்ணன் கண்ணால் பார்த்தது உண்மை. யாரும் அவர் முகம் வாடிவிடும் என்று பொய் சொல்லவில்லை. அத்தனை பேரும் அவரை நிஜமாகவே அறிந்திருந்தார்கள். தெரியாது என்று சொன்ன நான் ஒருத்திதான் பொய் சொன்னவள். அதையும் அவர் நம்பி நிம்மதியாகத் தூங்கினார், பிறகு அந்த நிம்மதியும் துடைக்கப்பட்டுவிட்டது.

பின்கட்டில் அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் நிமிர்ந்தார். அந்தக் கண்களில் நான் இல்லை. கத்தியைக் கீழே வைத்தார். சற்றே பக்கவாட்டில் திரும்பி முகத்தை உயர்த்தினார்.

"தெரியும்" என்றேன். "உங்கள எனக்கு நல்லாத் தெரியும். வாங்க, போவோம்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார். எஸ்தர் அக்கா வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கல்லூரி விட்டுப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். காவலாளி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எங்களை உள்ளே விட்டார். கீழ்த்தளத்து வராந்தாவில் நான் அவருக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன். வழி காட்டவில்லை. பூட்டியிருந்த அறைகளைத் தாண்டிப் போய், திறந்திருந்த ஒரு வகுப்பின் முன்னால் நின்றார். உள்ளே போனார். பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, நான்காவது வரிசையில் ஒரு பெஞ்சில், நடுவில், சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

கடைசி பெஞ்சில் அல்ல. யாரும் எனக்குச் சொல்லியிராத இடம் அது.

"இதுதான் உங்க எடமா?" என்று கேட்டேன்.

யாரோ அணைக்காமல் போயிருந்ததால் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அவர் பார்த்தார். பெஞ்சின் மரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"தெரியலயே" என்றார். "இங்கன காத்து வருது."

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்று வரத்தான் செய்தது.